பின்சக்கர ஷாக் அப்சார்பர் ஏன் கசிகிறது?
(செய்முறைப் பாடம்)



நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், தமிழில் கதை எழுதலாம், கவிதை எழுதலாம். ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டுவதைத் தமிழில் சொல்ல முடியுமா?" முடியும் என்றேன். சொல்லிவிட்டால் போதாது அல்லவா? சென்ற விடுமுறையில் ஊரில் என் தந்தையாருடன் சேர்ந்து செய்த ஒரு வேலையையே பாடமாக எழுதியிருக்கிறேன். பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தால் மகிழ்வேன். பாடத்தின் இறுதியில் சொற்பட்டியலும் கேள்விகளும் உள்ளன.

ஊரும் வண்டியும்

எங்கள் ஊர் அகளி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி மலைப்பகுதியில் இருக்கிறது. மேற்கே இறங்கினால் மன்னார்க்காடு. கிழக்கே ஆனைகட்டியைத் தாண்டினால் கோயம்புத்தூர். இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் மண் அது. தமிழ் பேசும் எங்களைப் போன்ற குடும்பங்களும், மலையாளக் குடும்பங்களும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். சந்தைக்குப் போனால் ஒரே பேச்சில் இரண்டு மூன்று மொழிகள் கலந்து வரும்.

மன்னார்க்காட்டிலிருந்து முக்காலிக்கு ஏறும் மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. முக்காலிதான் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு வாசல். மேற்குப் பக்கம் மழை கொட்டும். கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க மழை குறைந்து வறண்ட காடாகிவிடும். எங்கள் வீடு அகளிக்கு மேற்கே, முக்காலி போகும் வழியில் இருப்பதால் மழைக்குக் குறைவில்லை. இந்த மழை நம் பாடத்தில் பிறகு வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் வண்டி, 1984-இல் வாங்கிய எஸ்டி 250. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது. எஸ்டி என்ற பெயர் 2022-இல் புதிய வண்டிகளில் திரும்பி வந்தாலும், பழைய வண்டிக்குப் பழைய வைத்தியம்தான். அந்த வண்டியில்தான் அப்பா விதை, உரம் வாங்க மன்னார்க்காட்டுக்குப் போய் வந்தார். என்னையும் அதில்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார்.

கண் அறுவைச் சிகிச்சை, அதன்பின் அம்மாவின் உடல்நலக் குறைவு என்று இரண்டு ஆண்டுகள் வண்டி வாசலில் தார்ப்பாயின் கீழ் நின்றது. மறுபடி எடுத்து ஓட்டியபோது இடப்பக்கப் பின் ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் கசிந்தது. ஒரு பட்டறையில் கொடுத்தார். எண்ணெய் சீலை மாற்றித் தந்தார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் கசிவு. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மழையில், மலைப்பாதை வளைவு ஒன்றில் பின்சக்கரம் ஒதுங்கி விழுந்துவிட்டார். எழுபத்து மூன்று வயது. நல்ல வேளை, முட்டியில் சிராய்ப்பும் மணிக்கட்டில் வீக்கமுமாய்ப் போயிற்று.

இது எனக்கு ஒரு வாரம் கழித்து, அம்மா தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும். பதறிப்போய், "வண்டியை விற்றுவிடுங்கள் அப்பா. இல்லாவிட்டால் புது ஷாக் இரண்டு வாங்கிப் போடுங்கள். பணம் அனுப்புகிறேன்" என்றேன். வெளிநாட்டில் இருக்கும் நாம் எல்லாரும் சொல்வதுதானே இது? அப்பா அமைதியாகச் சொன்னார்:

"புதுசு வாங்கிப் போட்டா ஆச்சுங்கற கண்ணு. மூணு வாரத்துல மறுக்கா ஒழுகுச்சே, அது எதனாலன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விடுமுறை கிடைத்ததும் பதினான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது?

பலரும் நினைப்பதுபோல் வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் அல்ல. எடையைத் தாங்குவது சுருள்வில், அதாவது ஸ்பிரிங். மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. பிறகு அதை அப்படியே திருப்பித் தருகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். சக்கரமும் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாவிட்டால் பிரேக்கும் இல்லை, வளைவில் திரும்புதலும் இல்லை.

அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஸ்பிரிங்கின் உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாயின் வேலை. குழாய்க்குள் ஒரு தண்டு. தண்டின் நுனியில் சிறு துளைகளும் மெல்லிய தகட்டு வால்வுகளும் கொண்ட பிஸ்டன். தண்டு மேலும் கீழும் ஓடும்போது எண்ணெய் அந்தச் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தத் தடையில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது.

பிள்ளைகள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மெதுவாக அழுத்தினால் எளிதாக வெளியேறும். வேகமாக அழுத்திப் பாருங்கள், கை வலிக்கும். வேகம் கூடக் கூடத் தடையும் கூடுகிறது. அடுத்து, தண்ணீருக்குப் பதில் சமையல் எண்ணெய். தடை இன்னும் அதிகம். கடைசியாகப் பாதி எண்ணெய், பாதி காற்று வைத்து, முனையை விரலால் மூடி அழுத்துங்கள். முதலில் கொஞ்ச தூரம் எளிதாக அமுங்குகிறது அல்லவா? எண்ணெய் கசிந்து காற்றுப் புகுந்த ஷாக் அப்சார்பரும் இப்படித்தான். அமுங்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் அது வேலையே செய்வதில்லை.

வரலாறு சில வரிகளில்

மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் எண்ணெய் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அவற்றின் உராய்வால் ஆட்டத்தை அடக்கினார்கள். பிரான்சு நாட்டின் த்ரூஃபோ என்பவர் அமைத்த இம்முறையை அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு பரப்பினார். பிறகு எண்ணெய் முறை வந்தது. 1950-களில் பிரெஞ்சுப் பொறியாளர் தெ கார்போன், அழுத்தமூட்டிய வாயுவை எண்ணெயோடு சேர்த்து அடைத்த வகையை உருவாக்கினார்.

மோட்டார் சைக்கிள்களில் நெடுங்காலம் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை. இருக்கைக்கு அடியில் மட்டும் இரண்டு ஸ்பிரிங் இருக்கும். 1940-களின் இறுதியில் ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டியில் ஆடும் கையும் எண்ணெய் ஷாக் அப்சார்பரும் வந்தபோது அது புதுமை. அந்தப் புல்லட்தான் 1955 முதல் சென்னையில் தயாராகத் தொடங்கி நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்தது.

கசிவு என்று எப்படித் தெரியும்?

வண்டியைக் கழற்றும் முன் நாங்கள் நான்கு சோதனைகள் செய்தோம்.

ஒன்று: இருக்கையின் பின்பகுதியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தோம். நல்ல ஷாக் என்றால் ஒரு முறை மேலே வந்து நின்றுவிடும். எங்கள் வண்டி மூன்று முறை ஆடியது.

இரண்டு: குழாயின் வாயைப் பார்த்தோம். தண்டில் மெல்லிய ஈரப்படலம் இருப்பது இயல்பு. அது தண்டுக்கு மசகு. ஆனால் குழாய் நெடுக எண்ணெய் வழிந்து, அதில் புழுதி அப்பிச் சேறாக இருந்தால் அது கசிவு.

மூன்று: வழிந்த எண்ணெய் எங்கே போகிறது என்று பார்த்தோம். ஆடும் கை வழியாக டிரம்மின் வெளிப்புறத்துக்கும் டயரின் ஓரத்துக்கும் போயிருந்தது. அப்பா வளைவில் விழுந்ததற்கு ஆட்டம் ஒரு காரணம், டயரில் பட்ட எண்ணெய் இன்னொரு காரணம் என்று அப்போது புரிந்தது.

நான்காவது சோதனை அப்பா சொன்னது. கரடுமுரடான பாதையில் சில மைல் ஓட்டிவிட்டு வந்து இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கக் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. இடப்பக்கக் குழாய் சில்லென்றிருந்தது. வேலை செய்யும் ஷாக் ஆற்றலை வெப்பமாக்குகிறது. வேலை செய்யாதது குளிர்ந்தே இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் படித்த ஆற்றல் மாற்றத்தை என் மகள் அன்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டாள்.

கழற்றும் முன் எச்சரிக்கை

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஷாக் அப்சார்பர்களில் திறக்கக்கூடியவையும் உண்டு, திறக்கக்கூடாதவையும் உண்டு. குழாயின் வாயில் மரை போட்ட மூடி இருந்தால் அது பழுது பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. எங்கள் வண்டியில் இருந்தது இந்த வகை. குழாயின் விளிம்பை உள்பக்கமாக மடித்து நிரந்தரமாக மூடியிருந்தால், அதை அறுத்துத் திறப்பது வீட்டு வேலை அல்ல. வாயு அடைத்த வகை என்றால் கிட்டவே போகக்கூடாது. உள்ளே இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும். துளையிட்டாலோ சூடாக்கினாலோ உயிருக்கே ஆபத்து. அதற்கென்று கருவி உள்ளவர்களிடம் கொடுங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தோம். முதலில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினோம். மறுபக்க ஷாக் ஆடும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். நட்டு, வாஷர், ரப்பர் புஷ் ஆகியவற்றைக் கழன்ற வரிசையிலேயே ஒரு பழைய செய்தித்தாளில் அடுக்கி வைத்தாள் மகள். மாட்டும்போது அந்த வரிசைதான் எங்களைக் காப்பாற்றியது.

அடுத்தது ஸ்பிரிங். கழற்றிய ஷாக்கிலும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது. மேல் பூட்டை எடுத்தால் அம்புபோல் பாயும். இரண்டு பேர் கையால் அமுக்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் பூட்டை எடுப்பது ஊர்ப்பட்டறைகளில் நடப்பதுண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கூளிக்கடவில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன், இரண்டு நீண்ட மரைக் கம்பிகளும் இரண்டு இரும்புப் பட்டைகளும் கொண்ட அமுக்கி ஒன்றைக் கொடுத்தார். இருபுறமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ஸ்பிரிங் பத்திரமாக அமுங்கும். கொடுக்கும்போதே சொன்னார்: "தம்பி, ஸ்பிரிங்குக்கு நேரா மூஞ்சியக் காட்டாதீங்க. பாப்பாவையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

ஸ்பிரிங் வெளியே வந்ததும் அதன் உயரத்தை மற்றப் பக்கத்து ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டோம். இரண்டும் ஒரே உயரம், தளரவில்லை. ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

குழாயைத் திறத்தல்

வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவித் துடைத்தோம். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வேலை கெடும். குழாயின் அடிக் காதை மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து வைஸில் பிடித்தோம். குழாயையோ தண்டையோ வைஸில் பிடிக்கக் கூடாது. குழாய் நசுங்கினால் பிஸ்டன் ஓடாது; தண்டில் கீறல் விழுந்தால் எல்லாம் வீண்.

வாய்மூடியில் எதிரெதிராக இரண்டு சிறு குழிகள் இருந்தன. அவற்றில் பொருந்தும்படி இரண்டு முளைகள் வைத்த ஸ்பேனரை மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய இரும்புப் பட்டையில் செய்து வைத்திருந்தார். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் திறப்பவர்களும் உண்டு. மூடியின் விளிம்பு சிதைந்துவிடும்.

மூடி கழன்றதும் தண்டை மெதுவாக மேலே இழுத்து, எண்ணெயை ஒரு புட்டியில் ஊற்றினோம். எண்ணெய் நமக்கு ஒரு கதை சொல்லும். கறுத்திருந்தால் பழையது. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எங்களுடையது பாலும் கரியும் கலந்த நிறம். அளவும் இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு.

அந்தக் கழிவு எண்ணெயை வாய்க்காலில் ஊற்றப் போனேன். அப்பா தடுத்தார். எங்கள் வாய்க்கால் பவானியில் சேர்கிறது. பவானி கேரளத்திலிருந்து கிழக்கே பாய்ந்து தமிழ்நாட்டுக்குப் போகும் ஆறு. மேட்டுப்பாளையம், பவானிசாகர் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. "நாம ஊத்தறத அங்க ஒருத்தர் குடிக்கறாங்க" என்றார். எண்ணெயை டப்பாவில் அடைத்துப் பட்டறையில் சேர்த்தோம்.

நான்கு கேள்விகள்

பாகங்களைக் கழுவித் தாளில் பரப்பினோம். சீலின் உதடு ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. "காரணம் தெரிந்துவிட்டது. புது சீல் போட்டால் முடிந்தது" என்றேன்.

மகள் கேட்டாள்: "மூன்று வாரத்துக்கு முன்னால் போட்ட சீல் ஏன் கிழிந்தது?"

தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினேன், ஓரிடத்தில் தட்டியது. குண்டூசி முனையளவில் ஐந்தாறு துருக்குழிகள். குரோம் பூச்சு அங்கே உரிந்திருந்தது. தண்டு ஓடும்போதெல்லாம் அந்தக் குழிகளின் விளிம்பு அரம்போல் சீலை அறுத்திருக்கிறது.

"குழி ஏன் வந்தது?"

வண்டி நின்றிருக்கும்போது தண்டின் எந்தப் பகுதி குழாய்க்கு வெளியே இருக்குமோ, சரியாக அந்தப் பகுதியில்தான் குழிகள் இருந்தன. அங்கே நீர் தங்கித் துருப்பிடித்திருக்கிறது.

"மூடி இருக்கிறதே, நீர் எப்படி வந்தது?"

தண்டை மறைக்கும் மேல்மூடியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதில் விரல் நீள விரிசல். தார்ப்பாயிலிருந்து சொட்டிய மழைநீர் இரண்டு பருவமழையாக அதன் வழியே இறங்கியிருக்கிறது.

"வண்டி ஏன் இரண்டு வருஷம் அங்கே நின்றது?"

இந்த நான்காவது கேள்விக்கு அப்பா பதில் சொல்லவில்லை. "ஓட்டறதுக்கு ஆள் இல்ல அம்முணி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். நான் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாடத்தின் சாரம் இதுதான். கிழிந்த சீல் பழுதின் கடைசிக் கண்ணி. அதை மட்டும் மாற்றினால் மூன்று வாரம் தாங்கும். அப்பா எனக்குத் தொலைபேசியில் சொன்னதும் இதைத்தான். புது ஷாக் வாங்கிப் போட்டிருந்தாலும், பழைய மூடியையே மாட்டி அதே இடத்தில் மழையில் நிறுத்தினால் சில ஆண்டுகளில் அதுவும் கசியத்தான் செய்யும்.

கோவைக்கு ஒரு பயணம்

தண்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தோம்; வளைவு இல்லை. வளைந்திருந்தால் வேறு தண்டுதான். வழிகாட்டிப் புஷ்ஷில் நுழைத்து அசைத்தபோது கொஞ்சம் ஆடியது. புஷ் தேய்ந்தால் தண்டு பக்கவாட்டில் ஆடும். எவ்வளவு நல்ல சீலும் அதற்கு ஈடுகொடுக்காது.

மறுநாள் பஸ் ஏறி, ஆனைகட்டி, தடாகம் வழியாகக் கோவை சென்றோம். பம்புசெட்டும் மோட்டாரும் செய்து பெயர் பெற்ற அந்த ஊரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தண்டிலிருந்த பழைய குரோமை நீக்கி, குழிகள் மறையும் அளவுக்குச் சாணை பிடித்து, மேலே கெட்டிக் குரோம் ஏற்றி, மறுபடி பழைய விட்டத்துக்கே சாணை பிடித்து மெருகேற்றித் தந்தார்கள். மினுக்குவதற்கான குரோம் வேறு, தேய்மானம் தாங்கும் கெட்டிக் குரோம் வேறு என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். தண்டின் முகம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் சீலைத் தின்னும். வழிகாட்டிப் புஷ்ஷைத் தண்டின் அளவுக்கு வெண்கலத்தில் கடைந்து கொடுத்தார்கள்.

சீல் வாங்கும்போது உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று மூன்று அளவு வேண்டும். வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போனோம். அளவு பொருந்தினால் மட்டும் போதாது. சுழலும் தண்டுக்கான சீல் வேறு, மேலும் கீழும் ஓடும் தண்டுக்கான சீல் வேறு. ஷாக் அப்சார்பருக்கு இரண்டாவது வகை, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் கேட்டு வாங்க வேண்டும்.

மறுபடி பூட்டுதல்

வலப்பக்க ஷாக்கையும் இதேபோல் கழற்றிச் சுத்தம் செய்து, சீலும் எண்ணெயும் மாற்றினோம். ஒன்று புதிதாகவும் மற்றது பழையதாகவும் இருந்தால் ஆடும் கையின் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்து வண்டி வளைவில் முறுக்கும். இணைக்கு இணையாகவே செய்ய வேண்டும்.

தண்டின் மரைப் பகுதியில் மெல்லிய டேப்பைச் சுற்றி, எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை நழுவவிட்டோம். டேப் இல்லாவிட்டால் மரையே சீலின் உதட்டை அறுத்துவிடும். எண்ணெயைத் தடுக்கும் பெரிய உதடு குழாயின் உட்பக்கம் பார்க்க வேண்டும். தூசியைத் தடுக்கும் சிறு உதடு வெளிப்பக்கம். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, புது சீல் மோசம் என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

எண்ணெய் விஷயத்தில் கைக்குக் கிடைத்ததை ஊற்றக் கூடாது. எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் தடை மாறிவிடும், நுரையும் கட்டும். வண்டியின் கையேடு சொல்லும் கெட்டித்தன்மையில், கையேடு சொல்லும் அளவே ஊற்ற வேண்டும். அளப்பதற்குக் குழந்தைகளின் பால் புட்டி ஒன்றை வைத்துக்கொண்டோம். மில்லிலிட்டர் கோடுகள் அதிலேயே இருக்கின்றன. "நிறைய ஊற்றினால் நல்லதுதானே?" என்று மகள் கேட்டாள். இல்லை. தண்டு உள்ளே நுழையும்போது அதன் பருமனுக்கு ஏற்ற எண்ணெய் ஒதுங்க இடம் வேண்டும். அதற்காகவே உட்குழாயைச் சுற்றி ஒரு வெளிக்குழாய் இருக்கிறது. அதில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். முழுக்க நிரப்பினால் எண்ணெய் அமுங்காது, சீல்தான் பிய்த்துக்கொள்ளும்.

மூடியை இறுக்கியபின் குழாயை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழு நீளத்துக்கு மெதுவாக மேலும் கீழும் பத்து முறை ஓட்டினோம். முதல் மூன்று நான்கு முறை ஓரிடத்தில் வெறுமையாக நழுவியது, அது காற்று. போகப் போகத் தடை சீரானது. அதன்பிறகு ஷாக்கைப் படுக்க வைக்கவில்லை. படுத்தால் காற்று மறுபடி உட்குழாய்க்குள் வந்துவிடும். இரண்டையும் இரு கையால் அழுத்தி ஒப்பிட்டு, ஒரே தடைதான் என்று உறுதி செய்துகொண்டு, அமுக்கியால் ஸ்பிரிங்கை ஏற்றிப் பூட்டினோம்.

விரிசல் விட்ட மேல்மூடிக்குப் பதிலாக மெக்கானிக் அண்ணனிடம் கிடந்த வேறொரு பழைய மூடியைச் சுத்தம் செய்து போட்டோம். டயரையும் டிரம்மின் வெளிப்புறத்தையும் சோப்பு நீரால் கழுவி, பிரேக் கட்டையில் எண்ணெய் படவில்லை என்று திறந்து பார்த்துக்கொண்டோம். பட்டிருந்தால் கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசி வேலை வண்டி சம்பந்தப்பட்டது அல்ல. திண்ணையை ஒட்டி இரண்டு தகரம் போட்டு ஒரு கொட்டகை இறக்கினோம். மழை இனி வண்டியைத் தொடாது.

சோதனை ஓட்டம்

முதலில் ஊருக்குள் மெதுவாக ஓட்டினேன். நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன். மறுநாள் காலை அப்பா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து முக்காலி வரை போனோம். பள்ளங்களில் வண்டி ஒரு முறை அமுங்கி, ஒரு முறை எழுந்து, அடங்கியது. வளைவுகளில் அப்பாவின் தோள் இறுகாமல் இருந்தது. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும், மகள் ஓடிவந்து குனிந்து இரண்டு குழாய்களையும் தொட்டாள். "அப்பாரு, ரெண்டும் ஒரே சூடு!" என்றாள். அப்பாவின் அப்பாவை அப்பாரு என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தச் சொல்லையும் அவள் அந்த விடுமுறையில்தான் கற்றுக்கொண்டாள்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் துணியால் தண்டைத் துடைத்துப் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். "காஞ்சு கெடக்கு கண்ணு" என்று போனில் சொன்னார். அதன்பிறகு வாரம் ஒருமுறை வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டுகிறார். நானும் வாரம் ஒருமுறை தவறாமல் கூப்பிட்டு, வண்டியைப் பற்றிக் கேட்கிறேன். வண்டியைப் பற்றிக் கேட்டால் மற்றதும் தானாக வருகிறது.

நமக்கு இங்கே மோட்டார் சைக்கிள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் காரின் ஒவ்வொரு சக்கரத்திலும், மலையேறும் சைக்கிளிலும், மாடிக் குடியிருப்பின் தானே மூடும் கதவிலும் இதே தத்துவம்தான் இருக்கிறது. உங்கள் கட்டடத்துக் கதவு 'படார்' என்று அடித்து மூடினால், மேலே உள்ள குழாயில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

சொற்பட்டியல்

அதிர்வேற்பி – ஷாக் அப்சார்பர்
சுருள்வில் – ஸ்பிரிங்
உந்துருளை – பிஸ்டன்
கசிவுத் தடுப்பு வளையம் – எண்ணெய் சீல்
ஆடும் கை – ஸ்விங் ஆர்ம்
மரை – திருகில் சுற்றிச் செல்லும் வரி; நட்டையும் சில ஊர்களில் இப்படிச் சொல்வர்
சாணை பிடித்தல் – சுழலும் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருதல்
கடைதல் – லேத்தில் சுழற்றிச் செதுக்குதல்
மசகு – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்ப் பொருள்

கேள்விகள்

1. சுருள்வில்லின் வேலை என்ன? எண்ணெய்க் குழாயின் வேலை என்ன?
2. நன்றாக வேலை செய்யும் ஷாக் அப்சார்பர் ஓடியபின் ஏன் சூடாகிறது?
3. குழாயில் எண்ணெயை முழுக்க நிரப்பினால் என்ன ஆகும்?
4. முதல் முறை போட்ட சீல் மூன்று வாரத்தில் கிழிந்ததற்கான காரணங்களை வரிசையாக எழுதுக.
5. உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, "ஏன்?" என்று நான்கு முறை கேட்டு, கிடைத்த பதில்களைத் தமிழில் எழுதுக. தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதுவோருக்குப் பாராட்டு.